என் வளவில் நின்ற சிவப்பு ஸ்கூட்டி

எங்கள் ஒழுங்கையில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பதை முதலில் அறிகிறவள் நானாகத்தான் இருந்தேன். அந்தப் பெருமையைப் பறித்தது ஒரு சிவப்பு ஸ்கூட்டி.

ஸ்கூட்டிக்காரி வதனி, களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. கர்ப்பிணித் தாய்மாரைப் பற்றிய ஏதோ ஆய்வுக்காக மாதாமாதம் வீடு தேடி வந்து பிரஷர் பார்ப்பாள், நிறை பார்ப்பாள், கேள்வி கேட்பாள். மருத்துவமாது வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் எல்லா வீட்டுக்கும்தான் போகிறார். இந்த ஸ்கூட்டியோ பிள்ளைத்தாய்ச்சி வீட்டைத் தவிர வேறெங்கும் நிற்காது. காலையில் ஒரு கேற்றில் நின்றால், பின்னேரம் வாவிக்கரைத் தோணித்துறை வரை செய்தி போய்விடும். அதில் என் பங்கு கொஞ்சம்தான்.

பின்வேலிக்கு அப்பால் நிருஷா. புருஷன் கத்தாரில். அவளுக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை; இரண்டு தரமும் வயிறு தெரியுமுன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை அவள் மூச்சுக் காட்டவில்லை. ஓங்காளிக்கும் சத்தம் வேலி தாண்டி வந்ததால் எனக்குத் தெரியும். அதிசயமாக நானும் வாய் திறக்கவில்லை.

கிளினிக்கில் ஆய்வுக்குச் சம்மதித்தவள், ஸ்கூட்டி வந்ததும் கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாள். அடுத்த மாதமும் அப்படியே. வதனி வெயிலில் நின்று கூப்பிட்டுக் களைத்து, ஒழுங்கையைச் சுற்றி என்னிடம் தண்ணீர் கேட்டு வந்தாள்.

"மாமி, பின் வீட்டில ஆக்கள் இல்லையா?"

"இரிக்காங்க புள்ள. உன்னைக் கண்டாத்தான் இல்லாமப் போறாங்க."

"நான் என்ன செய்தன்?"

"நீ ஒண்டும் செய்யல்ல. உன்ட ஸ்கூட்டிதான் மேளமடிக்குது. கண்ணூறு படும் எண்டு பயப்படாதா ஒரு மனிசி?"

அவள் சிரிக்கவில்லை, இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே. "இன்னும் ரெண்டு பேர் இப்பிடித்தான் ஆய்வ விட்டுட்டாங்க. பிள்ளைச் சவர்க்காரப் பெட்டி பரிசாக் குடுத்தா நிப்பாங்க எண்டுறா ஆய்வு நடத்துற எங்கட பெரிய மிஸ்," என்றாள். பிறகு என் வளவைப் பார்த்தாள். "மாமி, ஸ்கூட்டிய இஞ்ச விடட்டா?"

விட்டாள். பின்வேலிப் படலையால் போய் நிருஷாவின் குசினிக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற, பிள்ளை பெறாத ஒருத்தியின் வளவில் அந்த ஸ்கூட்டி மாதாமாதம் நின்றால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

"என்ன மாமி, விசேஷமாமே?" என்று கடைக்கார ஜெயந்தன் பல்லைக் காட்டினான்.

"ஓமடா, ரெட்டைப் பிள்ள. மறுகா பேர் வைக்க உன்னத்தான் கூப்பிடுவன்."

தோணித்துறையில் என் மனிசன் கனகசிங்கத்தையும் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மீனை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"ஆக்கள் என்னவோ கதைக்காங்க."

"விசர்க் கதை. அந்தப் பிள்ள ஸ்கூட்டி விடுறா, அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியாதா," என்றார்.

தெரிந்த மனிதர்தான். ஆனால் மீன் பைக்குப் பக்கத்தில், தாளில் சுற்றியபடி, ஒரு புளி மாங்காய் இருந்தது. கீறி, உப்புத் தொட்டுத் தின்றேன். நான் தின்று முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பல் கூசியது. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

வயிறு தெரிய ஆரம்பித்தும் நிருஷா வெளியே வரவில்லை. ஒருநாள் வதனி படலையால் ஓடி வந்தாள். "மாமி, ஓட்டோ வேணும்! பிரஷர் கூடிக் கிடக்கு, கால் முகமெல்லாம் வீங்கியிரிக்கி." என் மனிசன் ஓடிப்போய் ஓட்டோவோடு வந்தார். என் கேற்றால் நிருஷாவை ஏற்றினோம். அவள் என் கையை விடாததால் நானும் ஏறினேன். "இன்னும் ஒரு மாசம் பாராம வீட்டுக்குள்ள விட்டிருந்தா தாயும் பிள்ளையும் ரெண்டு பேரும் இல்லை," என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

பெண் பிள்ளை. நாள் முந்தி வந்ததால் சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பிறகு வீட்டுக்கு வந்தது. கத்தாரிலிருந்து அப்பன்காரன் போன் திரையில் அழுததை நான் எட்டிப் பார்த்தேன்.

ஆய்வு பிள்ளைக்கும் உண்டாம். "இனி முன் கேற்றால வரச் சொல்லுங்க மாமி. ஊரே பார்க்கட்டும்," என்றாள் நிருஷா.

இப்போது ஸ்கூட்டி அங்கேதான் நிற்கிறது. இன்று காலையும் சத்தம் கேட்டு, பழக்கத்தில் போய் என் கேற்றைத் திறந்துவிட்டேன். ஸ்கூட்டி தாண்டிப் போனது. வதனி கையசைத்தாள். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த என் மனிசன் தலை நிமிர்ந்தார். அசடு வழிய, கேற்றைச் சாத்தப் போனேன்.

"கிடக்கட்டும்," என்றார். "திறந்தே கிடக்கட்டும்."