சோளம் ஒடிக்கிற மெஷின்

நொர்வேயில், எல்லிங்ஸ்ருட்டைத் தாண்டி, காடு முடிகிற இடத்தில் இருந்த பண்ணையில், ஐம்பது வருடமாக ஒருவரும் தொடாத சோளம் ஒடிக்கும் இயந்திரம் ஒன்று நின்றது. ட்ராக்டருக்குப் பின்னால் பூட்டுவது. செடியை இரண்டு இரும்பு உருளைகள் கவ்விக் கீழே இழுக்க, கதிர்ப் பொத்தி மட்டும் ஒடிந்து மேலே போகும்.

ஸ்ரீதரன் இருபத்திரண்டு வருடமாக பஸ் திருத்துகிறவன். துருப்பிடித்த இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவனுடைய சிநேகிதன் றொனால்ட், திருகோணமலைக்காரன், அந்தப் பண்ணையில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கோழித் தீனிக்குச் சோளம் போட்டிருந்தான்.

"கொண்டுபோங்கள்," என்றாள் பண்ணைக்காரி குன்வோர். "ஓடவிடுகிற நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்றைக்கு நான் வீட்டில் நிற்கமாட்டேன்."

ஸ்ரீதரன் அதற்குள் உருளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் அதைக் கழற்றிப் பூட்டினான். சங்கிலிகளை எண்ணெயில் ஊறப்போட்டான், பேரிங்குகளை மாற்றினான். கை உள்ளே போகாமல் உருளைகளுக்கு மேலே இருந்திருக்க வேண்டிய தகட்டை யாரோ காஸ் கட்டர் வைத்து அறுத்தெடுத்திருந்தார்கள். அறுத்த விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. அவசரத்தில் அறுத்தது. உள்ளே சிக்கிய எதையோ வெளியே எடுப்பதற்காக அறுத்தது.

"புதுத் தகடு ஒண்டு அடிக்கவேணும்," என்றான்.

"உறைபனி வரப்போகுது மச்சான். இந்த முறை ஒடிச்சு முடிப்பம். பிறகு ஆறுதலா அடிக்கலாம்," என்றான் றொனால்ட்.

ஒக்டோபர் நடுவில், குன்வோர் மகளிடம் போன நாளில், ஓடவிட்டார்கள். றொனால்ட் ட்ராக்டரில். ஸ்ரீதரன் பின்னால் நடந்தான். இயந்திரம் ஒருமுறை செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. பொத்திகள் பெட்டிக்குள் தடதடவென்று விழுந்தன. ஸ்ரீதரனுக்குச் சிரிப்பு வந்தது.

ஈரத் தண்டுகள்தான் கரைச்சல் கொடுத்தன. பத்து மீட்டர் போவதற்குள் உருளைகளில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஸ்ரீதரன் கை காட்டுவான், றொனால்ட் எஞ்சினை நிறுத்துவான், அடைப்பை இழுத்தெடுப்பார்கள். ஆறு, ஏழு, எட்டு முறை.

"ஒவ்வொருக்காலும் நிப்பாட்டினா கிறிஸ்மஸுக்கும் முடியாது," என்று றொனால்ட் கத்தினான்.

"முடியாட்டிப் பரவாயில்லை. நிப்பாட்டு."

ஒன்பதாவது முறை ஸ்ரீதரன் கை காட்டவில்லை. ஒரேயொரு தண்டு குறுக்கே கிடந்தது. நுனி வெளியில், ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் போதும் என்று தோன்றியது. இல்லை, தோன்றக்கூட நேரமில்லை. கை ஏற்கனவே போயிருந்தது.

அந்தக் கணத்தில் உருளைகள் தண்டைக் கவ்வின. விடு என்று மூளை சொல்வதற்குள் கையுறையோடு இடக் கை உள்ளே இருந்தது. அவன் அலறினான். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கே அது கேட்கவில்லை. வலக் கையால் சட்டத்தைக் கட்டிப்பிடித்து, கால்களை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். ட்ராக்டர் நகர, அவனும் கூடவே இழுபட்டான். றொனால்டின் முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பு, திரும்பு.

பெட்டியில் பொத்தி விழும் சத்தம் நின்றதால்தான் றொனால்ட் திரும்பிப் பார்த்தானாம்.

ஆஸ்பத்திரியில் இடக் கையின் மூன்று விரல்களை எடுத்தார்கள். மனைவி துஷாரா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். ஐந்தாம் நாள் றொனால்ட் வந்து கட்டில் காலடியில் நின்றான்.

"அந்தச் சனியனை வித்துப்போட்டன். இனி உன்ரை கண்ணிலை காட்டக்கூடாதெண்டு."

"ஆருக்கு?"

"ஹாமார் பக்கம் ஒரு பெடியன். அவனும் சோளம்தான் போட்டிருக்கிறான்."

"தகடு இல்லையெண்டு சொன்னனியோ?"

"சொன்னனான். கவனமாயிருப்பன் எண்டான்."

ஸ்ரீதரன் எழுந்து உட்கார்ந்தான். "நானும் கவனமாத்தான்ரா இருந்தனான். நம்பரைத் தா."

மூன்று முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. நான்காம் முறை ஒரு பெண் எடுத்தாள். அவர் வயலில் நிற்கிறார் என்றாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் அந்தத் தடதடப்பு கேட்டது.

"ஓடிப் போங்கள்," என்றான் ஸ்ரீதரன் நொர்வேஜிய மொழியில். "இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்."

அவள் ஓடுவது கேட்டது. தடதடப்பு நெருங்கி நெருங்கி வந்தது. துஷாரா அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எஞ்சின் நின்றது.

வெகுநேரத்துக்குப் பின் எரிச்சலோடு ஓர் ஆண்குரல் வந்தது. "என்ன வேண்டும்?"

"உங்களுக்கு இரண்டு கையும் இருக்கிறதா?" என்று கேட்டான் ஸ்ரீதரன்.