சுண்டெலி வீட்டு வாசலில் நிற்கும் கார்கள்

வீட்டு முன்னால் தொட்டிச் செடி விற்கும் செடிக்காரம்மாவின் வாசலில் முதன்முதலாகத் தானே வந்து நின்றது ஒரு மஞ்சள் கார். ஓட்டி வந்த கட்டடக் கான்ட்ராக்டர் போக வேண்டியிருந்தது விமான நிலையத்துக்கு. அவர் திருப்பாமலேயே ஸ்டியரிங் திரும்பி, அவர் ஜென்மத்தில் எட்டிப் பார்த்திராத ஒரு தெருவுக்குள் நுழைந்து, அந்த வீட்டுக்கு எதிரே இருந்த வேகத்தடையில் வயிறு உரச ஏறி, முன்னாலும் போகமாட்டேன் பின்னாலும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. மனுஷன் இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, தொட்டியில் மண் போட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத அம்மாளைப் பார்த்து, “சுண்டெலி, நல்லா இருக்கியா?” என்றார். சொன்ன வாயை அவரே கையால் பொத்திக்கொண்டார். அந்தச் சொல் வெளியே வந்ததும் கார் சமர்த்தாகக் கிளம்பிவிட்டது. செடிக்காரம்மாதான் கேட்டுக்கு ஓடிவந்து தெருவை எட்டிப் பார்த்தார். அவரைச் சுண்டெலி என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். அவர் கூடப்பிறந்த அண்ணன். தங்கை கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளை பிடிக்காமல், “எனக்குத் தங்கச்சியே கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

படுக்கவில்லை என்று தங்கை நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அண்ணன் பல்டாக்டர். கை நிறையச் சம்பாத்தியம், கட்டிக்கொள்ளவில்லை, ஒரே ஒரு ஆசைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் காரில் தங்கை தெருவுக்குப் போவார். வேகத்தடை வரைக்கும் ஏறுவார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பார்ப்பார். பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இறங்குவது என்று ரிவர்ஸ் எடுத்துவிடுவார். தரையோடு தரையாக ஓடும் கார். ஏறும்போது ஒரு உரசல், இறங்கும்போது ஒரு உரசல் என்று, அடியில் இருந்த தகடு வருஷக்கணக்கில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. வேகமாகப் போகும்போது அடியில் புகும் காற்றை ஒழுங்காக வழித்துவிட்டு, காரைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கிற தகடு அது. கம்பெனியில் கேட்டால் பாதிக் கார் விலை சொன்னார்கள். எத்தனையோ பேருக்குப் பல் பிடுங்கியவருக்கே அந்த விலையைக் கேட்டு வாய் பிளந்துவிட்டது.

ஆகவே அவர் ஃபைபர் பட்டறைக்கு வந்தார். பட்டறை ஒரு புருஷன் பெண்டாட்டியுடையது. அச்சு எடுப்பது, ரெசின் கலப்பதெல்லாம் அந்த அம்மாள், ஊருக்கே அவர் அச்சக்கா. தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் புருஷன். பழைய தகட்டில் ஓட்டையை மட்டும் அடைத்து, மெழுகு பூசி, மேலே ஃபைபர் துணி விரித்து ரெசின் ஊற்றி அச்சு எடுத்தால், அந்த அச்சில் எத்தனை தகடு வேண்டுமானாலும் போடலாம், கம்பெனி விலையில் கால்வாசிகூட ஆகாது. வழக்கமாக அச்சு எடுக்கும் முன் கீறல்களையெல்லாம் பட்டி வைத்துத் தேய்த்துச் சமமாக்குவார்கள். அன்றைக்கு அச்சக்காவுக்கு முதுகுவலி. “அடியில இருக்கிறதை யாரு படுத்துக்கிட்டுப் பாக்கப்போறா?” என்று அப்படியே எடுத்துவிட்டார். கீறல்கள் அத்தனையும் ஜோடி ஜோடியாக அச்சில் ஏறிவிட்டன. ஏறியது கீறல் மட்டும் இல்லை என்பது அப்போது யாருக்குத் தெரியும்! முதல் தகடு பல்டாக்டருக்கே போனது. மாட்டிய அன்றே ஸ்டியரிங் தங்கை வீட்டுப் பக்கம் இழுப்பதைக் கண்டு வெலவெலத்துப்போய், காரை ஷெட்டில் விட்டுப் போர்வை போர்த்தி மூடிவிட்டு, கிளினிக்குக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

மற்றவர்கள் பயப்படவில்லை. விலை அப்படி. அந்த மாடல் கார் வைத்திருந்தவர்கள் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வந்து மாட்டிக்கொண்டு போனார்கள், ஒவ்வொருவராகச் செடிக்காரம்மா வாசலில் போய் நின்றார்கள். சிவப்புக் காரில் வந்த வக்கீலம்மா இறங்கி, “உன் கல்யாணத்தன்னிக்குப் புதுச்சட்டை போட்டுக்கிட்டு கார்லதான் உக்காந்திருந்தேன் சுண்டெலி. சாவியைத் திருப்பக் கை வரலை” என்றார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருத்தர், தலைக்கு டை அடித்திருந்தவர், தேம்பித் தேம்பி, “உனக்குப் பொண்ணு பிறந்தப்போ கிலுகிலுப்பை வாங்கினேன். டிராயர்ல பல்செட்டுக்குப் பக்கத்துல இன்னும் கிடக்கு” என்றார். அண்ணன் காருக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் இப்படி ஊரார் வாய் வழியாகத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. செடிக்காரம்மா எல்லோருக்கும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். வந்தவர்களும் சும்மா போகக் கூச்சப்பட்டு ஆளுக்கு ஒரு தொட்டி வாங்கிப் போனார்கள். ஆனால் அவர் காத்திருந்த ஒன்று மட்டும் வரவில்லை. அவர் புருஷன் மாரடைப்பில் செத்த அன்றைக்கு, பொழுது சாய்கிற வரை பிணத்தை எடுக்கவிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வரவில்லை. அது ஏன் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது, ஆறு வருஷமாக இறங்கவில்லை.

இதற்கிடையில் வாடிக்கையாளர்கள் பட்டறைக்கு வந்து சத்தம் போட்டார்கள். தகடு என்னவோ அருமை, வளைவில் கார் பசை போட்ட மாதிரி நிற்கிறது, ஆனால் முன்பின் தெரியாதவங்க வாசல்ல போய் அழ வைக்குதே என்றார்கள். அச்சக்கா விசாரிக்க நேரில் போனார். வேகத்தடையைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த கறுப்புத் தீற்றலைப் பார்த்தார், செடிக்காரம்மாவிடம் முழுக் கதையும் கேட்டார். “அந்தக் கீறலை மட்டும் அழிச்சிடாதீங்கக்கா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு” என்று செடிக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பட்டறையில் புருஷன் அச்சில் மேடாக நின்ற கோடுகளையெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து முடித்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நிற்கிறார். பாவம், அவர் என்ன கண்டார்! அடுத்த தகடு மாட்டிய கார் அந்தத் தெருப் பக்கமே திரும்பவில்லை. அச்சக்கா புருஷனை ஒரு வாரம் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு கூலிக்காரன் செய்திருந்தால் மன்னித்திருப்பார்.

வேறு வழியில்லாமல் அச்சக்கா கடைவாய்ப் பல் வலி என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். பல்டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாயை அச்சக்கா மூடவில்லை.

“டாக்டர், ஊர்ல பாதிப் பேரு உங்க தங்கச்சி வாசல்ல போய் நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வந்துட்டாங்க. கிலுகிலுப்பை வரைக்கும் வந்தாச்சு. அவங்க புருஷன் செத்தப்போ நீங்க ஏன் போகலைன்னு மட்டும்தான் யாரும் சொல்லலை. அந்தம்மா அதுக்குத்தான் உயிரை வச்சிருக்காங்க.”

பல்டாக்டர் பல் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். அதை மட்டும் அவர் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை. தகட்டில் ஏறாதது நகலில் எப்படி வரும்? போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே ஷெட்டுக்குப் போய்ப் போர்வையை உருவினார். கார் அவரைக் கேட்கவேயில்லை. சிக்னலில் நின்றது, வளைவில் திரும்பியது, வேகத்தடையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பழக்கதோஷத்தில் ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். அசையவில்லை.

இறங்கினார். சேர்த்துவைத்த சொல்லெல்லாம் மற்றவர்கள் வாயில் செலவாகியிருந்தது. தங்கை கேட்டுக்கு அந்தப் பக்கம் மண் கையோடு நின்றார், தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பல்டாக்டர் உடைந்துபோனார்.

“ஏன் வரலைன்னு எனக்கே தெரியலை சுண்டெலி. சட்டையை மாட்டினேன், கழட்டினேன். நான் ஒரு கோழை, அவ்வளவுதான்.”

தங்கை கை மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு, “அவரு ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டாரு. நான்தான் நினைச்சேன்” என்று சொல்லி, கேட்டைத் திறந்து, “உள்ள வாண்ணே, பசிக்குது” என்றார்.

பழைய தகடுகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தங்கையும் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது ஒரு கார் வந்து வேகத்தடையில் நிற்கும். யாராவது இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பக் கை வராத கதையைச் சொல்வார்கள். “அதைக் கேட்டாச்சுங்க, நீங்க உக்காருங்க” என்பார் தங்கை. அண்ணன் காது சிவந்துபோய் எழுந்து, உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி எடுத்து வருவார்.