ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தவன்

மடிக்கணினித் திரையிலிருந்து மஞ்சள் மழைக்கோட்டுக்காரன் ஈரம் சொட்ட இறங்கி வந்தபோது, ஊர்காவற்றுறையில் அந்த வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: விளையாடிக்கொண்டிருந்த ஷாருஜன், தகப்பன் யாகப்பு, தாய் ஞானசவுந்தரி, மாதா கோயில் பூசை முடிந்து தேத்தண்ணிக்கு வந்த அயல்வீட்டுப் பத்திநாதர். வந்தவன் கதிரையில் உட்கார்ந்தான். ஞானசவுந்தரி தரையைத் துடைத்தார்.

ஷாருஜன் கொழும்பில் இரவு வேலையை விட்டுவிட்டு, வீடியோ கேம்களைப் பற்றி இணைய இதழ்களுக்கு எழுதிப் பிழைப்பது என்ற முடிவோடு வந்தவன். ஓரிடத்தில் இருக்கமாட்டான். இறங்குதுறைவரை நடப்பான், திரும்புவான், போனைப் பார்ப்பான். இதழாசிரியர்கள் பலர் பதிலே போடவில்லை. போட்டவர்கள், இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள் என்றார்கள். கடைசியில் ஒருத்தி, புதிதாய் வந்த மீன்பிடி விளையாட்டைப் பற்றித் திங்கள் மாலைக்குள் எழுது, எவரும் காணாத ஒன்று இருந்தால் போடுகிறேன் என்றாள். அதே திங்கள் விடியத் தன்னோடு படகேற வேண்டுமென்று யாகப்பு சொல்லியிருந்தார். கூடப் போய்வந்த ஆள் கனடாவுக்குப் போய்விட்டான். ஒருமுறை ஏறினால் அப்பா பிறகு விடமாட்டார் என்பது ஷாருஜனுக்குத் தெரியும். “கடலுக்குப் போகாமல் இருக்கப் பெடியன் கடலை விளையாடுறான்” என்று பத்திநாதர் கெக்கலித்தார்.

அந்த விளையாட்டில் கிழமைகள் உண்டு. உலகமெங்கும் ஆட்கள் ஓயாமல் மீன்பிடித்துப் பெரிய படகுகளுக்கு மாறியிருந்தார்கள். ஷாருஜன் மட்டும் அதில் ஞாயிறு வந்தால் படகைக் கட்டிவிடுவான். யோசித்துச் செய்ததல்ல, ஊர்காவற்றுறைக் கரையில் ஞாயிறு எவரும் கடற்றொழிலுக்குப் போவதில்லை. அப்படிக் கட்டிக் கட்டி அவன் எல்லாருக்கும் பின்னால் நின்றான். திரையிலிருந்த மீனவனுக்கோ ஓய்வு பழகிவிட்டது. அன்று கயிறு கட்டியதும் இறங்கிவிட்டான்.

வந்தவன் பேசியது அந்த ஊரின் தீவுத் தமிழ்தான். கணவாய்க் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான். யாகப்பு அவனிடம் வலையையும் நீரோட்டத்தையும் விசாரித்தார். திரையில் படகு வெறுமையாய் ஆடியது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

“அண்ணை, நீங்கள் திரும்பிப் போகாட்டி நான் எதை எழுதுறது?”

“அங்கை எனக்கு லீவே இல்லை. உம்மைத் தவிர ஒருத்தரும் என்னைச் சும்மா இருக்க விட்டதில்லை. அதை எழுதும்.”

யாகப்பு எழும்பினார். “கடலுக்கு எனக்கு ஒரு ஆள் இருந்தால் காணும். ஆரெண்டாலும் சரி.”

அது ஷாருஜனுக்குச் சுட்டது. ஆனாலும் திங்கள் விடிய அப்பாவும் மழைக்கோட்டுக்காரனும் படகேறியபோது, அவன் எழுதிக்கொண்டிருந்தான். கட்டுரை வெளிவந்தது. அந்த வாரமே பல நாடுகளில் ஆட்கள் ஞாயிறு படகைக் கட்டத் தொடங்கினார்கள். சில வீடுகளில் தரை நனைந்ததாகக் கேள்வி. மழைக்கோட்டுக்காரன் ஷாருஜனின் கட்டிலில் படுத்தான், யாகப்புவோடு தொழிலுக்குப் போனான், கோயிலுக்கும் போனான்.

இதழாசிரியை அடுத்த விளையாட்டை அனுப்பினாள். எழுத்துக்குப் புதியவன் மாட்டேன் என்று சொல்ல ஏலாது.

“அதுக்குள்ளை ஆர் இருக்கினம்?” என்று கேட்டார் ஞானசவுந்தரி.

“துவக்கோடை ஆக்கள், சுடுறவை.”

அவர் பின்வளவு அறையிலிருந்த வலைகளை எடுத்து வெளியே போட்டார். ஒரு செம்பு தண்ணீரும் மடிக்கணினியுமாக மகனை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, வெளியால் பூட்டினார்.