கொதிக்க வேண்டிய தண்ணீர்

பகல் ஒரு மணியாகியும் தண்ணீர் கொதிக்கவில்லை. மொண்டெல்லோ கடற்கரை வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டி, மரத்தொட்டி இறக்கி, நீர் நிரப்பி, வைக்கோல் சுற்றிய ஆட்டுத்தொடையை அமிழ்த்தியிருந்தார்கள். நெருப்பிலிருந்து வீட்டுக்காரப் பேராசிரியர், எல்லோருக்கும் புரொபெஸோரே, நீண்ட இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தொட்டியில் போட்டார். கல் 'சொய்' என்றது. தண்ணீர் ஒன்றும் சொல்லவில்லை.

கனகேஸ்வரி இந்த வீட்டில் ஏழு வருடமாக வேலை செய்கிறாள். நாளைக் காலை, இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டும். அவளுக்கு வேலை கொடுப்பதாக அவர் கையெழுத்திட வேண்டிய தாள் மூன்று கிழமையாக அவர் மேசையில் கிடக்கிறது. 'விருந்து நல்லபடியாக முடியட்டும்' என்றிருந்தார். நல்லபடியாக என்றால் தண்ணீர் கொதிப்பது என்று அவள் விளங்கிக்கொண்டாள்.

விருந்தினர் பதினான்கு பேர் வைன் கிளாசோடு வெயிலில் நின்றார்கள். புரொபெஸோரே அயர்லாந்தில் மூன்று கோடைகாலம் கழித்தவர். அதற்குரிய சோகம் அவரிடம் உண்டு. மூவாயிரம் வருடத்துக்கு முன் அங்கே இப்படித்தான் இறைச்சி அவித்தார்கள், சூட்டில் வெடித்த கற்களைக் கொட்டிக் கொட்டியே கரிய மேடுகள் எழுந்தன, பிறகு விவசாயிகள் அவை என்னவென்று அறியாமல் இயந்திரம் விட்டுச் சமப்படுத்திவிட்டார்கள் என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அப்படி அழிந்த மேடொன்றில் மிஞ்சிய பதினொரு கற்களைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அவைதான் நெருப்பில் கிடந்தன. தோட்டத்துச் சுவர்க் கல்லையும் சேர்ப்போமா என்று அவள் காலையில் கேட்டதற்கு முகம் சுளித்தார். அசல் வேண்டுமாம்.

இப்போது சமையலறைக்குள் எட்டிப்பார்த்தார். "கனா, சுடுதண்ணீர். பின்பக்கத்தால் கொண்டு வா. நான் இவர்களை அத்திமரத்தடிக்கு அழைத்துப் போகிறேன்."

அசலில் தண்ணீர் சேர்த்தியில்லை போலும்.

உதவிக்கு வந்திருந்த கணவன் விக்னராஜா பாஸ்தா அவிக்கும் பெரிய பானையைத் தூக்கினார்.

"ஏனப்பா, இது களவெல்லே?"

"கதைக்காமத் தூக்குங்கோ. மூடியைப் பிடியுங்கோ, ஆவி தெரியும்."

"அந்தக் காலத்திலையும் ஆரோ ஒரு தமிழன் பின்வாசலால பானை தூக்கியிருப்பான்."

சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. தொட்டியில் ஆறிய தண்ணீரை அள்ளி ரோஜாச் செடிகளுக்கு ஊற்றினாள். நாலாவது பானைக்குத் தொட்டி குமிழியிட்டது. திரும்பி வந்தவர்கள் கைதட்டினார்கள். விருந்துக்கு வந்த சிஞ்ஞோரா ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், புகையாகவும் இருக்கலாம். இறைச்சியின் உட்புறம் பச்சையாகவே இருந்தது. அதை அவணில் வைத்து முடித்தது கனகேஸ்வரி.

எல்லோரும் போனபின் தொட்டியை வடித்தாள். அடியில் கல் என்று ஒன்றுமில்லை. சில்லுகள், கரிச்சேறு. புரொபெஸோரே இரண்டு கையாலும் அளைந்து பார்த்தார்.

"அற்புதம். அப்படியே அந்தக் காலம் போல வெடித்திருக்கின்றன," என்றார். "குப்பையில் போட்டுவிடு."

போட்டாள். பிறகு தாளை நீட்டினாள். அவர் நின்றபடியே, தாளை இடக்கையால் அழுத்திக்கொண்டு, அழகாகக் கையெழுத்திட்டார்.

பஸ் தரிப்பில்தான் பார்த்தார்கள். அவள் பிறந்த தேதியின் மேல் முழுசாக ஒரு கரிய பெருவிரல்.

விருந்தில் மிஞ்சிய பாணின் மெதுவான உட்பகுதியைக் கிள்ளி அதன் மேல் தேய்த்தாள். கரி பரவியது. மறுபடி தேய்த்தாள்.

"விடுமப்பா, ஓட்டை விழப்போகுது."

"குவெஸ்தூராவில இதை எடுப்பாங்களோ?"

"எடுப்பாங்கள்," என்றார் விக்னராஜா, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

பஸ் வந்தது. மடித்தால் இன்னும் பரவும். தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடியே ஏறினாள். உள்ளே இருக்கை இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் அவளுடைய சட்டையின் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டார்.