பேரீச்சம்பழ ஸ்பிரிட்

சமையல் குசினிக்குள் கால் வைத்ததும் புளித்த பேரீச்சம்பழத்தின் வாடை மாகிரட்டின் நெஞ்சை அடைத்தது. கப்பலில் உப்புத்தண்ணீர் பட்டு, நோன்புக்கு விற்க முடியாமற்போன ஐந்து மூட்டைப் பழத்தைக் கடைக்கார ஜமால்தீன் கொட்டச் சொல்லியிருந்தார். அதைத்தான் அவளுடைய புருஷன் சூசைப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பீப்பாயில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டு, மூன்று தரம் வடித்து ஸ்பிரிட் ஆக்கியிருந்தான். பொலிஸ் வந்தால் கசிப்பு, கள்ளச்சாராயம் என்றுதான் பிடிப்பார்கள். ஆனால் இது குடிக்க அல்ல, படகு எஞ்சினுக்கு. அந்த எழுபத்து நாலாம் ஆண்டில் பெற்றோல் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது.

அவன் ஏன் இதில் இறங்கினான் என்று அவளுக்குத் தெரியும். மாசி மாதம் அவளுடைய தம்பி நிக்கலஸை எஞ்சின் தாங்கியில் கால்வாசிப் பெற்றோலோடு கடலுக்கு அனுப்பியவன் அவன்தான். நாலாம் நாள் படகு மட்டும் சாம்பல்தீவுக் கரையில் ஒதுங்கியது. தாங்கி காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து சூசைப்பிள்ளை சாப்பாட்டின் நடுவே கையை நிறுத்திவிடுவான்.

"எஞ்சின் சத்தம் கேக்குதே?"

அவளுக்கும் கேட்கும். இருவரும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை.

அன்று பின்னேரம் ஸ்பிரிட்டில் கொஞ்சம் பெற்றோலைக் கலந்து ஊற்றி, கரையொதுங்கிய அதே படகை அவன் கடலில் தள்ளியபோது மாகிரட்டும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ ஏன் வாறாய்?"

"கரையில நிண்டு பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது."

ஐந்தாறு தரம் கயிற்றை இழுத்தும் எஞ்சின் இருமி இருமி அடங்கியது. பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டது. புகை இனிப்பாக மணத்தது. கோணேசர் மலையைத் தாண்டியும் அது நிற்கவில்லை. சூசைப்பிள்ளையின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"ஓடுது, மாகிரட். ஓடுது."

"ஓம்."

ஏழு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அவள் கேட்டுவிட்டாள். "அண்டைக்குத் தம்பி இன்னும் கொஞ்சம் பெற்றோல் கேட்டவனோ?"

அவன் கடலைப் பார்த்தான்.

"கேட்டவன். ரெண்டு தரம் கேட்டவன். வீட்டில ஒரு போத்தல் இருந்தது. நான் குடுக்கேல்லை."

மாகிரட் அழவில்லை.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ," என்றாள்.

நிறுத்தினான். பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. மறுபடி கயிற்றை இழுக்கச் சொல்வாளென்று அவன் காத்திருந்தான். "தம்பியும் இப்பிடித்தான் கிடந்திருப்பான்," என்று மட்டும் அவள் சொன்னாள். அலையில் படகு மெல்லத் திரும்பி, தன் மூக்கை ஆழக்கடலின் பக்கம் வைத்துக்கொண்டது.