மூக்கில் ஓர் எலுமிச்சை

பினாங்கிலேயே சமநிலை என்றால் என்னவென்று தெரிந்த ஒரே மனிதன் தனேஷ். அதை அவனே சொல்லியிருக்கிறான். அதனால்தான், அக்கா ஜெகதீஸ்வரி செய்த, கம்பியைப் பிடித்துச் சுற்ற விடும் குட்டி விமானத்தின் மூக்கில் அவள் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தான்.

"கண்ணு படும்னு கட்டுனேன்டா."

"இது என்ன புது கெரேத்தாவா, காருக்குக் கட்டுற மாதிரி கட்ட? விஞ்ஞானம்லா, அக்கா."

ஜெலுத்தோங் திடலில் விமானம் வாலைத் தொங்கப்போட்டு ஏறி, தடுமாறி விழுந்தது. இறக்கை பிளந்தது. மதியம் போட்டி, வேறு விமானம் இல்லை. அக்கா திட்டாமல் பசை தடவினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பசை காய்ந்ததும் இறக்கைகளை விரல்நுனியில் தாங்கிப் பார்த்தான். வால் தாழ்ந்தது. பழத்தை மூக்கில் வைத்தான், நேராக நின்றது.

அக்கா கைகழுவித் திரும்புமுன், அவளுடைய நூலாலேயே கட்டி முடித்தான்.