கொதிக்கும் பெட்டியும் கால் கிண்ணம் தேநீரும்

எர்காஷ் அண்ணன் வீட்டில் தன் மரியாதை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தில்முரோத் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தால் போதும். முதல் தடவை கணினியைப் பழுது பார்க்க வந்தபோது கால் கிண்ணம் ஊற்றித் தந்தார்கள். அதுதான் முறை. கொஞ்சமாக ஊற்றினால்தான் திரும்பத் திரும்ப ஊற்றலாம், வந்தவர் சாவகாசமாக உட்காரலாம். விளிம்பு வரை ஊற்றிவிட்டால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். இரண்டாம் தடவை அரைக் கிண்ணம் வந்தது. இன்று மூன்றாம் தடவை. எர்காஷ் அண்ணன் தன் கையாலேயே ஊற்றினார். முக்காலுக்கும் மேலே போய்த்தான் நிறுத்தினார்.

"குடி தம்பி," என்றார். "வெயில்ல வந்திருக்க."

கோகந்த் நகரத்தில் அது கோடையின் உச்சம். திராட்சைப் பந்தலின் கீழே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தும் அனல் முகத்தில் அடித்தது. அறைக்குள்ளே, ஏசிக்கு நேர் எதிரில், தில்முரோத் தன் கையால் கட்டிக் கொடுத்த கணினி கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருந்தது. லாரி என்ஜினைப் போலத்தான் அதுவும்: சூடாகும் இடங்களைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடும், அந்தச் சூட்டை ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டும், ஆறித் திரும்பி வரும். தண்ணீர் மாதுளைச் சாறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். தில்முரோத் மறுபக்கம் தெரியாத அளவுக்குச் சாயம் கலந்து, ஆசையைத் தீர்த்து வைத்தான்.

எர்காஷ் அண்ணனுக்குக் கல்யாணப் படம் எடுக்கிற தொழில். ட்ரோன், நான்கு கேமரா, மூன்று மணி நேரப் படம் என்று பெரிய கை. படத்தைக் கோத்து முடித்து, கணினி அதை ஒன்றாக்கும் நேரத்தில்தான் வினை. பத்து நிமிடத்தில் சூடு உச்சிக்கு ஏறும், பெட்டி அணைந்துவிடும்.

"நீ வந்தா இது நல்ல பிள்ளையா நடிக்குது," என்றார் அண்ணன். "நீ உன் ஊரு மார்கிலான் போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சை விட்டுருது. போன வாரம் பொண்ணு மாமியாருக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்ற எடத்துல நின்னுபோச்சு. அவங்க வீட்ல இருந்து தெனம் போன் வருது. எங்க பொண்ணு நிமிந்துட்டாளா, இன்னும் குனிஞ்சேதான் நிக்கிறாளான்னு கேக்குறாங்க."

தில்முரோத் சிரிக்கப் பார்த்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

"இன்னைக்கும் சரியாகலேன்னா நீயே தூக்கிட்டுப் போயிரு. கேக்கிறவங்களுக்கு உள்ளதைச் சொல்லிருவேன்."

கேட்கிறவர்கள் யார் என்று தில்முரோதுக்குத் தெரியும். கோகந்தும் மார்கிலானும் அடங்கிய அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கல்யாணப் படக்காரர்கள் ஒரே டெலிகிராம் குழுவில் இருந்தார்கள். அங்கேதான் அவனுக்கு வேலை வந்தது. அங்கே ஒருவர் 'மார்கிலான்காரன் பெட்டி கொதிக்குது' என்று எழுதிவிட்டால் அவன் கடையைச் சாத்திவிட்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான்.

"எல்லாம் இவ கை பட்டதுல இருந்துதான்," என்றாள் அண்ணனின் மனைவி சொலிஹா, ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டே.

"யாரு கை, அக்கா?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, மொத தடவை வந்தப்ப. நான் குடுக்கிறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, இங்க யாரோ கையை வெச்சிருக்காங்கன்னு. அன்னைக்குக் காலையில இவதான் பெட்டியைத் துடைச்சா." முற்றத்தின் அந்தக் கோடியில் பெருக்கிக்கொண்டிருந்த மருமகள் ஷோயிஸ்தாவைத் தாடையால் காட்டினாள். "கை ராசி இல்லாதவ. இப்பல்லாம் மாவு பிசையக்கூட நான் விடுறதில்ல. பையன் கொரியாவுல இருந்து போன் பண்ணினான், அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஷோயிஸ்தா தலையைத் தூக்கவில்லை. துடைப்பம் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். மணிக்கட்டில் இன்னும் திருஷ்டி மணிக் கயிறு இருந்தது. கறுப்பு மணி, மேலே வெள்ளைப் புள்ளிகள். இந்த ஊர்ப்பக்கம் கைக்குழந்தையிலிருந்து புதுப்பெண் வரை எல்லார் கையிலும் உண்டு. தில்முரோதின் மகள் கையிலும் இருக்கிறது.

தான் அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவுக்கு வந்தது. சூடு ஏன் ஏறுகிறது என்று புரியாமல், வாயை மூடிக்கொண்டு நிற்க வெட்கப்பட்டு, எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை மாவுப் பாத்திரத்தை விட்டே விரட்டுவார்கள் என்று அவன் நினைக்கவில்லை. நெஞ்சு கொஞ்சம் குறுகுறுத்தது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று அறைக்குள் போனான்.

முதல் தடவை சிப்பின் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினான். இரண்டாம் தடவை ரேடியேட்டரைக் கழற்றித் தூசி ஊதி, பழைய தண்ணீரை அடியிலிருக்கும் குழாய் வழியாக இறக்கிவிட்டு, தொட்டியின் மேல் ஓட்டை வழியாகப் புதுத் தண்ணீர் விட்டான். காற்றுக்குமிழி அடைத்திருக்குமோ என்று பெட்டியை இடமும் வலமும் சாய்த்து ஆட்டினான். ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவன் தலை மறைந்ததும் கெட்டது. அவன் திறந்து பார்க்காதது மேலே மூடியும் கீழே பம்ப்பும் பொருத்திய கண்ணாடித் தொட்டி ஒன்றைத்தான். அதைப் பூட்டியவன் அவனே. தான் பூட்டியதைத் தானே சந்தேகிக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

இன்று ஒரு முடிவோடு வந்திருந்தான். எதையும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. அதுவாகக் கெடட்டும், கெடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம்.

"படத்தை ஓட விடுங்கண்ணே."

திரையில் சூட்டின் எண் ஏறத் தொடங்கியது. தண்ணீரும் சூடேறவே பம்ப் தானாக வேகம் எடுத்தது. தில்முரோத் காதைத் தொட்டியில் ஒட்டி வைத்தான். சீரான ரீங்காரம். பிறகு 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம், உடனே ரீங்காரம் சிணுங்கலாக மாறியது. குழாய்களைத் தொட்டுப் பார்த்தான். ஒன்று கை வைக்க முடியாமல் கொதித்தது, இன்னொன்று ஜில்லென்றிருந்தது. தண்ணீர் ஓடினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அப்படியென்றால் தண்ணீர் ஓடவே இல்லை.

பம்ப் வேகத்தைக் குறைத்தான். 'டக்'. சிணுங்கல் போய் ரீங்காரம் வந்தது. கூட்டினான். 'டக்'. சிணுங்கல். மறுபடி குறைத்தான், மறுபடி கூட்டினான். உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது. பம்ப் வேகமாக இழுத்தால் அதன் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது, மெதுவானால் விலகிவிடுகிறது. பெட்டியைச் சாய்த்து ஆட்டினாலும் விலகிவிடும். அதனால்தான் அவன் வந்தபோதெல்லாம் அது நல்ல பிள்ளை.

பெட்டியை அணைத்துத் தண்ணீரை இறக்கி, தொட்டியின் அடியைத் திருகிக் கழற்றினான். பம்ப் வாய்க்கு மேலே இருக்கிற கறுப்புக் குழியில், கறுப்பாக, உருண்டையாக ஒரு திருஷ்டி மணி கிடந்தது.

அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி ஆனந்தம். தன் வேலையில் குற்றமில்லை, இந்த வீட்டுக்காரர்கள் போட்டிருக்கிறார்கள், பெயர் பிழைத்தது. மணியை எடுத்துச் சட்டையில் துடைத்தான். ஒரு பக்கம் சின்னதாக மூளியாகி, மூளியான இடம் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. ஆனந்தம் அங்கேயே நின்றுபோனது. மகள் தொட்டிலில் கையை அடித்து மணி உடைந்தபோது, பிள்ளையின் தோலைக் கீறக்கூடாதென்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்தவன் அவன்தான். போன மாதம் அந்த மணி காணவில்லை. எங்கேயோ விழுந்துவிட்டது என்று அவன் மனைவி முஹய்யோ சொன்னாள். இந்தப் பெட்டி அப்போது அவன் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. தெருவே வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனது.

"என்னது அது?" வாசலில் அண்ணன் நின்றார். அவருக்குப் பின்னால் சொலிஹா. தேநீர்க் கேத்தலோடு ஷோயிஸ்தா.

அவன் கையைத் திறந்தான். வேறு வழியில்லை.

"நான் சொல்லலை?" என்றாள் சொலிஹா. "இவ கையில இருக்கிறது மாதிரியே இருக்கு பாருங்க. ஏண்டி, இதையா உள்ள போட்ட?"

ஷோயிஸ்தா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு தில்முரோதைப் பார்த்தாள்.

பள்ளத்தாக்கில் இதே மாதிரி மணி லட்சம் இருக்கும். அவன் சும்மா நின்றாலே போதும். நிற்கத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் பார்த்த பார்வையில் நிற்க முடியவில்லை.

"இல்லக்கா. இது எங்க வீட்டு மணி. என் பொண்ணு கையில இருந்தது. என் பொண்டாட்டி போட்டிருக்கா."

எர்காஷ் அண்ணனின் வயிறு குலுங்கத் தொடங்கியது.

"உன் வீட்டம்மாவா? பெட்டிக்குத் திருஷ்டி கழிச்சாங்களா?"

"என்ன பண்றதுண்ணே. பொம்பளைங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறுதா?"

அண்ணன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சொலிஹா தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தில்முரோதும் சேர்ந்து சிரித்தான். பெட்டியை மறுபடி பூட்டி, படத்தை ஓட விட்டார்கள். சூடு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. திரையில் மணப்பெண் நிமிர்ந்துவிட்டாள். அண்ணன் பந்தலுக்கடியில் அவனை உட்கார வைத்து, தன் கையால் கால் கிண்ணம் ஊற்றினார். வியாழக்கிழமை புலாவு விருந்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார். "அந்தப் பெரிய மெக்கானிக்கை நாங்க பாக்கணும்பா."

அடுத்த கிண்ணத்தை ஷோயிஸ்தா ஊற்றினாள். விளிம்பு வரை வந்தது. சின்னப் பெண், பழி நீங்கிய சந்தோஷத்தில் கை நடுங்கிவிட்டது என்று தில்முரோத் நினைத்துக்கொண்டான்.

வேன் மார்கிலான் வந்து சேரும் வரை அவனுக்குத் தன்மேல் நல்ல அபிப்பிராயம்தான். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், திறந்து உண்மையைச் சொன்னான். எத்தனை பேர் சொல்வார்கள்? வீட்டுக்குள் நுழைந்ததும் மணியை முஹய்யோவின் முன்னால் வைத்தான். அவள் முகம் வெளுத்தது.

"அன்னைக்குப் பக்கத்து வீட்டுக்காரி கண்ணை எடுக்காம பாத்துட்டே இருந்தா," என்றாள் மெதுவாக. "எனக்குப் பயமாப் போச்சு. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்க. தண்ணிக்குள்ள கிடந்தா யாருக்குத் தெரியும்னு மேல இருந்த ஓட்டையில போட்டுட்டேன். கெட்டுப்போச்சா?"

"இப்ப சரியாயிடுச்சு. வியாழக்கிழமை விருந்து, உன்னையும் கூப்பிட்டிருக்காங்க." நடந்ததை முழுவதும் சொன்னான். தான் உண்மையைச் சொன்ன இடத்தைக் கொஞ்சம் நீட்டியே சொன்னான்.

முஹய்யோ கேட்டுக்கொண்டிருந்தாள். "சிரிச்சாங்களா?"

"வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. நல்லவேளை, கோவிக்கல."

"அந்தப் பொண்ணு?"

"சந்தோஷம் தாங்கல அவளுக்கு. கிண்ணம் வழிய ஊத்திட்டா."

முஹய்யோ நிமிர்ந்து பார்த்தாள். "அவ மேல பழி எப்படி வந்துச்சு?"

"நான்தான் மொத தடவை, ஒரு பேச்சுக்கு, யாரோ கையை வெச்சிருக்காங்கன்னு..."

"அதை இன்னைக்குச் சொன்னீங்களா?"

அவன் மணியை விரலால் உருட்டினான்.

"மொத ரெண்டு தடவை போயும் தொட்டியைத் தெறந்தே பாக்கலையே. அதைச் சொன்னீங்களா?"

"அது வந்து..."

"மணியைப் போட்டது நான். தப்புதான். என் பேரைச் சொன்னதுக்குக் கோவம் இல்ல. உங்க பேரு எங்க போச்சு?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. கிண்ணத்தை முன்னால் நகர்த்தினான். முஹய்யோ கேத்தலை எடுத்துச் சாய்த்தாள். கால் வந்தது, அரை வந்தது, முக்கால் வந்தது. அவள் நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பைத் தொட்டு நின்றது. அவள் கை நடுங்கவே இல்லை.